காக்காய்க்கால் கையெழுத்து

கடைப்பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகமான்னு கேட்காதீங்க, ஆணி எப்பவும் உண்டு. இந்தத் தடவை வேற ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டியோட மூதாதையரைத் தேடுற வேலை.

நாங்க இருக்கிறது பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் மாவட்டம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிடுச்சு, தனியா இருக்காங்க. அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா என்னைத்தான் கூப்பிடுவாங்க. இந்தியாக்காரன்னா கம்ப்யூட்டர் தெரியும்ங்கிற உலகப் பொது நம்பிக்கைதான் :-) போன பனிக்காலத்துல ஒரு நாள் பிரின்டரைச் சரி பண்ணிட்டுக் கிளம்பினேன். பாட்டி ஒரு பழைய ஜெர்மன் பைபிளைக் கொண்டுவந்து மேஜையில வச்சாங்க. தோல் அட்டை, ஒரு மூலை எலி கடிச்சது. உள்ளே வெற்றுப் பக்கங்கள்ல பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் எழுதியிருக்கு. ஒரு பக்கத்துல மட்டும் வேற மையில, வேற கையெழுத்துல ஒரு வரி. எங்கள் குலத்தின் முதல் தாய் கான்ராட் வைசரின் பேத்தி, அப்படின்னு.

அது அவங்க அண்ணன் எழுதினதாம். முப்பது வருஷம் குடும்பக் கதை சேகரிச்சவர், இப்போ இல்லை. பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பேரப்பிள்ளைங்க ஆதாரம் கேக்கறாங்க. அண்ணன் சொன்னதுக்கு ஒரு காகிதம் கண்டுபிடிச்சுக் குடுக்க முடியுமா?"

அதுக்கென்ன, ஒரு வாரத்துல முடிச்சுடலாம்னு சொன்னேன். நாக்குல சனி.

முதல்ல இந்த வைசர் யாருன்னு சொல்லிடறேன். எங்க ஊர்லேர்ந்து காரில் கொஞ்ச தூரம் போனா வோமல்ஸ்டார்ஃப்னு ஒரு சின்ன ஊர். அங்கே அவர் பண்ணையும் கல்லறையும் இருக்கு. 1696ல ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் பிறந்தவர். 1710ல அப்பாவோட நியூயார்க் வந்து இறங்கினப்போ வயசு பதிமூணு. பதினாறு வயசுல அப்பா இவரை மோஹாக் பழங்குடி மக்களோட ஒரு பனிக்காலம் முழுக்க இருக்கச் சொல்லி அனுப்பிட்டார். பசியும் குளிருமா அங்கே கிடந்து அவங்க மொழியைக் கத்துக்கிட்டார். பின்னாடி 1729ல பென்சில்வேனியா வந்தார். இராகுவா கூட்டமைப்புக்கும் பென்சில்வேனியா அரசுக்கும் நடுவில் பல வருஷம் மொழிபெயர்ப்பாளரா, தூதரா இருந்தவர் இவர்தான். 1760ல இறந்தார். இந்தப் பக்கத்து ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்களுக்கு வைசர் பேரைச் சொல்றது ஒரு கௌரவம்.

இன்னொரு காரணமும் உண்டு. வைசரோட மகள் அன்னா மரியாவை 1745ல கட்டினவர் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க். அமெரிக்க லூத்தரன் சபைக்கு அஸ்திவாரம் போட்ட பாதிரியார். அவங்க பிள்ளைகள்ல ஒருத்தர், பீட்டர், வாஷிங்டன் படையில் ஜெனரல். இன்னொருத்தர், பிரெடரிக், 1789ல கூடின அமெரிக்க மக்களவைக்கு முதல் சபாநாயகர். இப்படி ஒரு குடும்பத்துல ஒட்டிக்கிட்டா யாருக்குத்தான் கசக்கும்?

இந்த இடத்துல எனக்கே ஒரு தூக்கிவாரிப் போடல். மூலன்பெர்க்கை 1742ல அமெரிக்காவுக்கு அனுப்பினது ஜெர்மனியின் ஹாலே நகரத்துல இருக்கிற ஃபிராங்கே நிறுவனம். 1706ல தரங்கம்பாடியில் வந்து இறங்கினாரே சீகன்பால்கு, அவர் படிச்சதும் அதே ஹாலேதான், பின்னாடி அவருக்கு முதுகெலும்பா இருந்ததும் அதே இடம்தான். தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியாப் பாதிரிகளின் கடிதங்களும் இன்னிக்கும் அங்கே ஒரே ஆவணக் காப்பகத்துல இருக்கு. நான் மாயவரத்துக்காரன். தரங்கம்பாடிக் கோட்டைச் சுவத்துல உக்காந்து சுண்டல் தின்னவன். ஜெர்மன் பாட்டியோட வம்சத்தைத் தேடப் போய் எங்க ஊர்க் கடற்கரையில வந்து முட்டிக்கிட்டேன்!

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வைசரோட முன்னோரைக் கண்டுபிடிக்கிறது சுலபம். காரணம், அவரே எழுதி வச்சுட்டார். தன் பிள்ளைகளுக்காக ஒரு சின்னத் தன்வரலாறு. பிறந்தது ஹெரன்பெர்க் பக்கத்துல ஆஃப்ஸ்டெட் கிராமம். ஆனா அது சொந்த ஊர் இல்லை. அப்பா குதிரைப்படைச் சிப்பாய், பட்டாளம் அங்கே இருந்ததால அங்கே பிறந்தார். பரம்பரை ஊர் குரோஸ் ஆஸ்பாக். இதை மட்டும் அவர் எழுதலேன்னா, பிறந்த ஊர்த் தேவாலய ஏட்டைப் பிடிச்சுக்கிட்டு நூறு பேர் தலையால தண்ணி குடிச்சிருப்பாங்க. அந்த ஊர்ல முன்னோர் யாருமே கிடைச்சிருக்க மாட்டாங்க.

அதே குறிப்புல அவங்க புறப்பட்ட கதையும் இருக்கு. 1709 மே மாசம் அம்மா இறந்துட்டாங்க. ஜூன் 24, அப்பா எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். கல்யாணமான மூத்த அக்கா மட்டும் புருஷனோட ஊர்லயே தங்கிட்டா. 1708-09 பனிக்காலம் ஐரோப்பாவையே உறைய வச்ச பனிக்காலம். அதுக்கு முன்னாடி பல வருஷப் போர், வரி. அந்த ஒரு வருஷத்துல மட்டும் சுமார் 13,000 ஜெர்மானியர் ரைன் நதி வழியா லண்டன் வந்து குவிஞ்சாங்க. அதில் ஏறக்குறைய 3,000 பேரைத்தான் பிரிட்டிஷ் அரசு கப்பலேத்தி நியூயார்க் அனுப்பிச்சது. கடற்படைக் கப்பல்களுக்குத் தார் காய்ச்சணும், அதான் வேலை. கப்பல்லயும் கரையிலயும் காய்ச்சல்ல நூத்துக்கணக்குல செத்தாங்க.

இறங்கின கொஞ்ச நாள்ல ஆளுநர் பல பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிச்சு வேலைக்கு ஒப்படைச்சார். வைசரோட தம்பிகள்ல ரெண்டு பேர் அப்படிப் போனவங்கதான். பின்னாளில் பத்திரிகைச் சுதந்திர வழக்கால பேர் வாங்கின அச்சுக்காரர் ஜான் பீட்டர் ஸெங்கரும் அதே கூட்டத்துல வந்து அப்படி ஒப்படைக்கப்பட்ட பையன்தான்.

இதெல்லாம் எழுதி வச்ச மனுஷனோட கதை. எழுதாதவங்களை எப்படித் தேடுறது?

பின்னாடியிலிருந்து முன்னாடி போகணும். இதுதான் முதல் பாடம். நாமெல்லாம் பெரிய மனுஷர் பேர்ல ஆரம்பிச்சுக் கீழே இறங்கி வருவோம், எங்கயாவது நம்ம வீட்டுத் திண்ணை தட்டுப்படாதான்னு. அது தப்பு. பாட்டி, பாட்டியோட அப்பா, அவர் அப்பா, இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் கிடைச்சா மட்டும்தான் அடுத்த படி.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 1790லேர்ந்து இருக்கு. ஆனா 1850க்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான், மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. பெண்டாட்டி, பிள்ளை யாருக்கும் பேர் கிடையாது. 1890 கணக்கு 1921ல நடந்த தீ விபத்தால பெரும்பகுதி போச்சு. பாட்டியோட பெரிய தாத்தா 1850 கணக்குல பன்னிரண்டு வயசுப் பையனாக் கிடைச்சார். அதுவரைக்கும் ஜாலி.

அதுக்கு மேலே போனா பேர்க் குழப்பம். பாட்டி குடும்பப் பேரை மில்லர்னு வச்சுக்குவோம் (நிஜப் பேர் வேண்டாம்). ஜெர்மன்ல அது ம்யூலர். ஆங்கிலேய குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதுவான். ஸிம்மர்மான் கார்பெண்டர் ஆவார், ஷ்னைடர் ஸ்னைடர் ஆவார். 1738ல வந்த ஆந்திரேயாஸ் ஹூபர்ங்கிறவரோட வம்சம்தான் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர். இது போதாதுன்னு ஒரே வீட்டுல எல்லாப் பையனுக்கும் முதல் பேர் யோஹான். யோஹான் ஜார்ஜ், யோஹான் பீட்டர், யோஹான் ஜேக்கப். கூப்பிடுறது ரெண்டாவது பேரை. பெண்கள் பேர் பின்னாடி 'இன்' சேரும், ம்யூலர் வீட்டுப் பெண் ம்யூலரின். நம்ம ஊர் இனிஷியலைப் பார்த்து அமெரிக்கக்காரன் முழிக்கிறானே, அந்த முழியை நான் முழிச்சேன்.

தேவாலய ஏடுகள்தான் அடுத்த கதி. ஆனா அன்னிக்கு இங்கே பாதிரியாருங்க ரொம்பக் கம்மி. ஜான் காஸ்பர் ஸ்டோவர்னு ஒருத்தர் குதிரையில சுத்திச் சுத்தி ஞானஸ்நானமும் கல்யாணமும் நடத்தி வச்சவர். 1730லேர்ந்து 1779 வரைக்கும் தன் சொந்த ஏட்டுல குறிச்சு வச்சிருக்கார். இந்த மாதிரி ஏடுகள்ல ஞானத்தாய் தந்தையர் பேரை முக்கியமாப் பார்க்கணுமாம். பெரும்பாலும் சொந்தக்காரங்க, இல்லாட்டி அக்கம்பக்கத்தார். ஆளைத் தேடிக் கிடைக்கலேன்னா அவர் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடு, அவர் வந்த ஊர்லேர்ந்துதான் இவரும் வந்திருப்பார். நல்ல யுக்தி!

முன்னெல்லாம் இந்த ஏடுகளை மைக்ரோஃபிலிம் வரவழைச்சுத்தான் பார்க்கணும். 2017ல அந்தத் தபால் முறையை நிறுத்திட்டாங்க, இப்போ நிறைய படங்களா இணையத்துலயே கிடைக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு லுங்கியோட உக்காந்து 1772ஆம் வருஷ ஞானஸ்நானத்தைத் தேடலாம். தங்கமணி என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுத் தூங்கப் போயிட்டாங்க.

அங்கேதான் இடிச்சது.

1772ல பிறந்தவர் பாட்டிக்கு ஆறாவது தலைமுறை. அப்பா பேர் சரியா இருக்கு. அம்மா பேர் வெறும் காத்தரீனா. பிறந்த வீட்டுப் பேர் இல்லை. பாட்டியோட அண்ணன் இந்தக் காத்தரீனாதான் வைசர் பேத்தின்னு முடிவு கட்டியிருக்கார். ஏன்னா அந்த அப்பா பேர்ல ஒருத்தர் வைசர் பேத்தியைக் கட்டினது உண்மை.

ஆனா வரிப் பட்டியலைப் பார்த்தா அதே பேர்ல ரெண்டு பேர். ஒருத்தருக்குப் பக்கத்துல 'பெரியவர்', இன்னொருத்தருக்கு 'சின்னவர்'. அந்தக் காலத்துல இது அப்பா பிள்ளைன்னு அர்த்தமே இல்லை. ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வயசை வச்சுப் பிரிக்கிற வழி, அவ்வளவுதான். நம்ம ஊர்ல பெரிய முருகேசன், சின்ன முருகேசன் இல்லையா? அது மாதிரி.

பெரியவர் உயில் எழுதியிருக்கார், ஜெர்மன் எழுத்துல அழகாக் கையெழுத்துப் போட்டிருக்கார். பிள்ளைகள் பேர் வரிசையா இருக்கு. பாட்டியோட ஆள் அதில் இல்லை. சின்னவர் உயிலே எழுதலை. ஆனா தன் நிலத்தை மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கு. அந்த மகன்தான் 1772ல பிறந்த நம்மாளு. பத்திரத்துல கையெழுத்து இல்லை, ஒரு குறி. நட்ட நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் சாய்ஞ்ச ரெண்டு கோடு. காக்காய் மண்ணுல கால் வச்சா எப்படி இருக்கும், அப்படி.

1727லேர்ந்து பிலடெல்பியாவில் இறங்கின பதினாறு வயசுக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆம்பளைங்க அரசருக்கு விசுவாச உறுதிமொழிப் பட்டியல்ல கையெழுத்துப் போடணும். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அதில் கிடையாது. அந்தப் பட்டியல்களை 1934ல புத்தகமாப் போட்டாங்க, ஒரு பாகம் முழுக்கக் கையெழுத்துகளை அப்படியே படமா அச்சடிச்சிருக்காங்க. எழுதத் தெரியாதவங்க பேரை குமாஸ்தா எழுத, அவங்க நடுவுல ஒரு குறி போடுவாங்க. 1764ல வந்த ஒரு கப்பல் பட்டியல்ல அந்தப் பேர் கிடைச்சது. நடுவுல காக்காய்க்கால்.

ராத்திரி ஒன்றரை மணி. கத்தலாம்னு தோணிச்சு. அடுத்த நிமிஷமே வயித்தைப் பிசைஞ்சது. இதைப் பாட்டிகிட்ட எப்படிச் சொல்றது?

வைசர் பேத்தி இல்லை. சபாநாயகர் சொந்தம் இல்லை. பத்தொன்பது வயசுல வந்து இறங்கின, பேர் எழுதத் தெரியாத ஒரு பையன். அப்படி வந்தவங்கள்ல பல பேர் கப்பல் கூலி கட்ட முடியாம, இறங்கினதும் யாராவது அந்தக் காசைக் கட்டி அழைச்சுக்கிட்டுப் போக, அவங்ககிட்ட வருஷக்கணக்கா உழைச்சுக் கழிச்சவங்க. 1750ல வந்து 1754ல திரும்பிப் போன மிட்டல்பெர்கர்ங்கிறவர் இந்த வியாபாரத்தைப் பத்தி ஒரு புத்தகமே எழுதி, வராதீங்கன்னு ஊர்க்காரங்களை எச்சரிச்சார். நம்ம பையனும் அப்படி உழைச்சாரான்னு காட்ட என்கிட்ட காகிதம் இல்லை. எந்த ஊர்லேர்ந்து வந்தார்ங்கிறதுக்கும் காகிதம் இல்லை. வைசர் பிள்ளைகளுக்காக எழுதி வச்சாரே, அந்த மாதிரி ஒரு வரி இவருக்கு இல்லை.

மூணு வாரம் பாட்டி கண்ணுல படாமத் திரிஞ்சேன். குப்பைத்தொட்டியை ராத்திரியில கொண்டுபோய் வச்சேன். தங்கமணி சொன்னது: "சொல்லாதீங்க. எண்பது வயசுக்கு மேல அவங்களுக்கு எதுக்கு இந்த உண்மை?" நியாயமாத்தான் பட்டது.

இந்த மாதிரி ஆசைக் கதை தனி வீட்டுக்கு மட்டும் இல்லை, ஒரு ஜனத்துக்கே உண்டு. ஒரே ஓட்டுல ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமப் போச்சு, அந்த ஓட்டைப் போட்டவர் பிரெடரிக் மூலன்பெர்க், அப்படின்னு இங்கே இன்னிக்கும் சொல்வாங்க. நடந்தது வேற. வர்ஜீனியா ஜெர்மானியர்கள் சட்டங்களை ஜெர்மன்லயும் அச்சடிச்சுக் கொடுங்கன்னு 1794ல மனு போட்டாங்க. 1795 ஜனவரியில், அது பத்தின விவாதத்தைத் தள்ளி வைக்கிறதா வேண்டாமாங்கிற ஓட்டு 42-41ல தோத்துச்சு. அவ்வளவுதான். அந்தக் கதை யாரையும் கெடுக்கலையே, பாட்டி கதையும் இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணிச்சு.

ஆனா ஒண்ணு உறுத்திச்சு. அண்ணன் எழுதின அந்த ஒரு வரியை விட்டுட்டா, காக்காய்க்கால் போட்ட பையனும் காத்தரீனாவும் மறுபடியும் காணாமப் போயிடுவாங்க. இருநூத்தம்பது வருஷம் கழிச்சு அவங்களைப் பார்த்தது நான் ஒருத்தன். நானே மூடி வைக்கிறதா?

ஒரு ஞாயித்துக்கிழமை காகிதத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். வரிசையா விளக்கினேன். பாட்டி குறுக்கே எதுவும் கேட்கலை. கடைசியில சொன்னாங்க: "என் அண்ணன் இருந்தா உன்னை இந்த வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டான்." காப்பி கூடத் தரலை. நான் வந்துட்டேன்.

பத்து நாள் கையசைப்பு கூட இல்லை. பதினோராவது நாள் கதவைத் தட்டினாங்க. கையில அந்தக் கப்பல் பட்டியல் பிரதி. அந்தக் குறி மேல பென்சிலால வட்டம் போட்டிருந்தாங்க. "இதைப் போடும்போது அவன் கை நடுங்கியிருக்கு பாத்தியா? இங்கே கோடு வளைஞ்சிருக்கு."

பார்த்தேன். வளைஞ்சுதான் இருந்தது. கப்பல் ஆட்டமோ, குளிரோ, பேனா பிடிச்சுப் பழக்கமில்லாததோ. நூறு தடவை பார்த்த எனக்கு அது காக்காய்க்கால். ஒத்துப்போகுதா இல்லையான்னு மட்டும்தான் பார்த்திருக்கேன்.

"உன் குடும்பம் எத்தனை தலைமுறை தெரியும்?"னு கேட்டாங்க. அப்பா, தாத்தா, தாத்தாவோட அப்பா. மூணு. தாத்தாவோட அம்மா பேர் கேட்டாங்க. முழிச்சேன். பாட்டி சிரிச்சாங்க. பத்து நாள் கழிச்சு முதல் சிரிப்பு.

பைபிள்ல அண்ணன் வரியை அவங்க அடிக்கலை. அதுக்குக் கீழே ரெண்டு பேரையும், 1764ஐயும் எழுதி, பக்கத்துல தன் கையாலயே அந்தக் குறியை வரைஞ்சிருக்காங்க. மூணு கோடு. ஒரு கோட்டை ஞாபகமா வளைச்சு.

அன்னிக்கு ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பாவோட பாட்டி பேர் அம்மாவுக்கும் தெரியலை. மன்னார்குடியில ஒரு பெரியத்தை இருக்காங்க, தொண்ணூத்தி ஒண்ணு வயசு, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாமாம். அடுத்த வாரம் பேசணும். நீங்களும் உங்க தாத்தாவோட அம்மா பேரை யோசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: பாட்டி இந்தப் பதிவைப் படிக்க மாட்டாங்க. ஆனா எழுதப்போறேன்னு சொல்லி அனுமதி வாங்கிட்டேன். "பேர் போடாதே, குறியைப் பத்தி மட்டும் எழுது"ன்னாங்க. எழுதிட்டேன்.